வெடி கேட்டவன் பங்கு

உக்காருங்க சார். துப்பாக்கிய வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சு, குழலுக்குள்ள கண்ணக் குடுத்துப் பாருங்க. உள்ள வரி வரியாத் தெரியுதா? ஒரு பொட்டுத் துரு இருக்காது. மலைக்கு மேல டீத்தோட்டம் வச்சிருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பல் ஏறுறப்ப, "சீனிராசு, இதப் பாத்துக்கிடத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்"னு எங்கிட்டக் குடுத்துட்டுப் போனது. எனக்குப் பிள்ளைகுட்டி இல்ல. பன்னெண்டு வருசமா இதத்தான் தொடச்சுத் தொடச்சு வச்சிருந்தேன். லைசென்ஸ் மாத்துற காயிதத்துல கையெழுத்தும் போட்டுட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க.

ஒரே ஒரு கண்டிசன். இந்தத் தகர டப்பாவயும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிறணும். உள்ள இருபது தோட்டா இருக்கு. சுடுறதுன்னா சுடுங்க, ஆத்துல போடுறதுன்னா போடுங்க. இந்த வீட்டுல அது இருக்கக் கூடாது. இன்னிக்கே போயிறணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

என்ன வெள்ளிக்கிழமையா? அத விடுங்க.

ஏன் விக்கிறீங்கன்னு கேக்குறீங்க. காலப் பாத்துட்டுமா கேக்குறீங்க? இந்தக் கால வச்சுக்கிட்டு மலை ஏறுறதா? கக்கூசுக்குப் போறதுக்கே கம்பு வேணும். பன்னி குத்துனது சார். ஒத்தைப் பன்னி. முழங்காலுக்கு மேல இருந்து இடுப்பு வரைக்கும் கிழிச்சு விட்டுருச்சு. பன்னி மேல எனக்குக் கோவமே இல்ல. அதுக்குக் குண்டு பட்டுச்சு, குத்துச்சு. அது எடத்துல நான் இருந்தா நானும் குத்துவேன். எனக்குக் கோவம் இந்த ஊரு மேல. ஒருத்தன் விடாம எல்லாப் பய மேலயும் கோவம். ஆபத்துன்னு ஒம்போது வெடி போட்டேன் சார். ஒம்போது! ஒரு பய வரல.

நீங்க ஏலக்காட்டுக்குப் புதுசு. இந்த ஊரு வழமை உங்களுக்குத் தெரியாது. சொல்றேன், கேட்டுக்கிடுங்க. துப்பாக்கி வச்சிருந்தா நாளைக்கு உங்களுக்கும் இதே கதிதான்.

இங்க பன்னி சுட்டா, அது சுட்டவனுக்குச் சொந்தமில்ல. வெடி கேட்டவனுக்கெல்லாம் பங்கு. வெடிச் சத்தம் கேட்டு ஓடியாந்து, வயித்தக் கீறுறதுக்கு முன்னால பன்னி மேல கை வச்சிட்டா ஒரு கூறு. சுட்டவனுக்குத் தலையும் ஒரு பின்னந்தொடையும். மிச்சத்தத் தேக்கு இலையில கூறு போட்டு எல்லாரும் எடுத்துக்கிடுவாய்ங்க. எப்பயிருந்து இந்த வழமைன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா விடமாட்டாய்ங்க.

யோசிச்சுப் பாருங்க. ராத்திரியெல்லாம் பனியில ஒக்காந்து, கொசுக்கடி பட்டு, விடியக்காலம் ஒரு பன்னிய அடிக்கிறவன் நான். தோட்டா என்னோடது. கண்ணு என்னோடது. பர்மா சண்டையில நாலு வருசம் பட்டாளத்துக்குத் துப்பாக்கி ரிப்பேர் பாத்த கை என்னோடது. "டமார்"னு ஒரு சத்தம் கேட்டதும், கோவணத்த இறுக்கிக்கிட்டு, பல்லுகூட வெளக்காம ஓடியாந்து, பன்னி வயித்துல ஒரு தட்டுத் தட்டிட்டு, "பட்டாளத்தாரே, நல்ல கொழுப்பு"ங்கிறான். அவனுக்கு ஒரு கூறு. தட்டுனதுக்கு!

இதுல எல்லாருக்கும் முந்தி வர்றவன் எம் மச்சான் மொக்கராசு. எம் பொண்டாட்டி அங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பி. ஓடைக்கு அந்தப் பக்கம் அவனுக்கு மாட்டுக்கிடை. இங்க நான் வெடி போட்டுப் புகை அடங்குறதுக்குள்ள அங்க நிப்பான். வந்ததும் பன்னியப் பாக்க மாட்டான், என்னையத்தான் பாப்பான். மேலயும் கீழயும் பாத்துட்டு, "மச்சான், ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே"ம்பான். நடிப்பு சார். பங்குக்கு வந்தவன், பங்குக்கு வந்தேன்னு சொல்லிட்டுப் போயேன்.

பிறகு மூங்கில் கம்புல பன்னியக் கட்டித் தூக்குவாய்ங்க. அதுலயும் முன்கம்பு அவன்தான்.

சரி, இதெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். பன்னெண்டு வருசத்துல பதினோரு வருசம் பொறுத்தேன். போன வருசம் ஆடி மாசம் ஒரு காரியம் பண்ணுனான் பாருங்க. நல்ல பன்னி, ஆளு ஒசரத்துக்குப் பாதி இருக்கும். செவனம்மா புஞ்சையில சீனிக்கிழங்கத் தோண்டிக்கிட்டு நின்னத ஒரே குண்டுல சாச்சேன். செவனம்மாங்கிறது புருசன் செத்த பொம்பள, தனியாப் பாடுபடுறவ. அவளும் வந்து கை வச்சா. "எங்கிழங்கத் தின்ன பன்னிதான"ன்னு சிரிச்சா. சரி, வையி. மொக்கராசு வந்தான். அவன் பொண்டாட்டி வந்தா. நாலு பிள்ளைகளும் வந்துச்சுக, நாலும் கை வச்சுச்சுக. அதோட விட்டானா? அஞ்சாவதா ஒண்ணு, பெறந்து மூணு மாசம், தொட்டில்ல கெடக்க வேண்டியது. அதத் தூக்கியாந்து, அது கையப் புடிச்சு, பன்னி முதுகுல வச்சான் சார்! "பெரிய மாமன் சுட்டதுடா, தொட்டுக்க"ன்னு சொல்லி வச்சான். எல்லாரும் சிரிக்கிறாய்ங்க. கூறு போட்டவன் அந்தப் பச்சப்பிள்ளைக்கும் ஒரு இலை போட்டான்.

பல்லு முளைக்காத பிள்ளை! பால் குடிக்கிற பிள்ளை! அதுக்கு எதுக்குப் பன்னிக்கறி? எண்ணிப் பாத்தேன். மொக்கராசு வீட்டுக்கு ஏழு கூறு. சுட்டவன் வீட்டுக்குத் தலையும் தொடையும். எங்க வீட்டுல நாங்க ரெண்டே பேரு, எங்களுக்கு யாரு கையக் கொண்டுபோயி வைக்கிறது?

அன்னிக்கு வீட்டுக்கு வந்து கத்துனேன். அங்கம்மா அடுப்பு ஊதிக்கிட்டே சொன்னா, "சத்தம் கேக்குது, வர்றாக. கேக்காட்டி எதுக்கு வரப்போறாக?"

அவ சும்மா சொன்னது. எனக்கு அது மண்டையில ஏறிருச்சு.

இங்க பாருங்க சார், நீங்க படிச்சவுக, சட்டுனு புரிஞ்சுக்கிடுவீக. ரைபிள்ல சத்தம் ரெண்டு. மருந்து வெடிக்கிறது ஒண்ணு. குண்டு காத்தக் கிழிச்சுக்கிட்டுப் போறது இன்னொண்ணு. சாட்டையச் சொடுக்குனா நுனியில "சடீர்"னு கேக்குதுல்ல, அதே சங்கதி. சத்தம் போற வேகத்த விடக் குண்டு வேகமாப் போறதால வர்றது. அந்த வேகத்துக்குக் கீழ குண்டக் கொண்டு வந்துட்டா, ரெண்டாவது சத்தம் செத்துப் போகும். மருந்தும் கம்மின்னா மொதச் சத்தமும் அமுங்கிப் போகும். பட்டாளத்துல ஒரு சீமைக்காரச் சார்ஜண்டு பேச்சுவாக்குல சொன்னது இது. எத்தனை பேரு கேட்டிருப்பான்? ஞாபகத்துல வச்சிருந்தவன் நான்.

சொல்றது சுளுவு. செய்யிறதுக்கு நாலு மாசம் ஆச்சு. கடைத் தோட்டாவப் பிரிச்சு, மருந்தக் குறைச்சு, திரும்ப அடைச்சேன். மொதக் குண்டு வெளியவே வரல, குழலுக்குள்ளயே ஒக்காந்துக்கிருச்சு. அது தெரியாம அடுத்த தோட்டாவப் போட்டிருந்தா மூஞ்சி போயிருக்கும். கம்பி விட்டுத் தட்டி எடுத்தேன். அடுத்தது வெளிய வந்துச்சு, ஆனா குறி வச்ச தகர டின்னுக்குப் பத்தடி முன்னாலயே மண்ணுல சொருகிருச்சு. மெதுவாப் போற குண்டு சட்டுனு எறங்கும் சார், அதுக்கு வலுவும் கம்மி. அதனால கனமான குண்டு வேணும். ஈயத்த உருக்கி நானே வார்த்தேன். ஒண்ணு கோணலாப் போகும், ஒண்ணு குட்டிக்கரணம் போடும். ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல குறிச்சு வச்சேன். ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு. புஞ்சையில களை மண்டிப் போச்சு. எனக்கு அதெல்லாம் கண்ணுல படல.

சத்தத்த அளக்குறதுக்கு என்ன பண்றது? காதுக்கு அங்கம்மாவ வச்சேன். மொதநாளு கோயில் மேட்டுல நிக்கச் சொன்னேன். "கேட்டா முந்தானைய ஆட்டு"ன்னேன். சுட்டேன், ஆட்டுனா. மருந்தக் குறைச்சேன், ஆட்டுனா. அப்புறம் ஒருநா கோயில் மேட்டுல கேக்கல. புளியமரத்தடிக்கு வரச் சொன்னேன். அங்கயும் ஆட்டுனா. அப்படியே கொஞ்சங் கொஞ்சமாக் கிட்ட வந்தா. கார்த்திகை மாசம் ஒருநாளு, இந்தா, நம்ம கிணத்தடியில நிக்கிறா. நான் அந்த மண்மேட்டப் பாத்துச் சுடுறேன். முந்தானை ஆடல. இன்னொண்ணு சுட்டேன். ஆடல. மூணாவது சுட்டேன். அவ பாட்டுக்கு நிக்கிறா.

போயிக் கேட்டேன். "சுட்டீகளா?"ங்கிறா. மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்கு. "எம்புட்டு நேரமா நிக்கிறேன், ஒண்ணும் கேக்கல, ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சோன்னு பயந்துட்டேன்"ங்கிறா.

நான் சிரிச்சேன் சார். பதினோரு வருசத்துல அப்படிச் சிரிச்சதில்ல. "அதுதான்டி வேணும்"னேன்.

அந்தத் தோட்டாதான் இந்த டப்பாவுல இருக்கிறது. இத மாதிரி இந்த ஜில்லாவுல ஒருத்தன் பண்ணிருக்க மாட்டான். ஆனா வெளிய சொல்லிக்கிட முடியல பாருங்க.

மார்கழியில ரெண்டு பன்னி அடிச்சேன். "தொப்"புனு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். பக்கத்து மரத்துல இருந்த கொக்குகூடப் பறக்கல. ஓடைக்கு அந்தப் பக்கம் மொக்கராசு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்கான். நான் இங்க பன்னிய அறுத்துக்கிட்டிருக்கேன். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஊரையே செயிச்ச மாதிரி இருந்துச்சு.

தூக்குறதுதான் கஷ்டம். மூங்கில் கம்புக்கு ஆளு இல்லையே. அங்கேயே வெட்டிச் சாக்குல போட்டு, மேல புல்லப் பரப்பி, நானும் அவளுமா நாலு நடை நடந்தோம். ரெண்டு பேரு எம்புட்டுத் திங்க முடியும்? மிச்சத்த உப்புக்கண்டம் போட்டோம். வெளிய காயப்போட முடியாது, வீட்டுக்குள்ளயே கயித்துல தொங்குச்சு. கதவச் சாத்திக்கிட்டுத்தான் கறி ஆக்குனோம். வாசம் வெளிய போயிருமேன்னு சன்னலுக்குச் சாக்கு. புகையில அவளுக்குக் கண்ணெல்லாம் செவந்து போச்சு. ரெண்டாவது பன்னியில அவ கறியே தின்னல. "தொண்டையில எறங்கல"ன்னா. பாதிப் பன்னியக் கொல்லையில புதைச்சேன். புதைச்சாலும் எம் பன்னியத்தான சார் புதைச்சேன்?

செவனம்மா ஒருநா வந்தா. "அண்ணே, கிழங்குக்கொடி பூராம் பன்னி கிளறிப் போட்டுருச்சு, ஒரு வெடி போடக் கூடாதா"ன்னா. "தோட்டா இல்ல"ன்னேன். மொக்கராசு வந்தான். "மச்சான், ரெண்டு மாசமா ஒங்க வெடியே கேக்கலையே, துப்பாக்கி பழுதா? ஒடம்புக்கு எதுவுமா?"ன்னு கேட்டுட்டு, ஒரு செம்பு பால வச்சிட்டுப் போனான். வேவு பாக்க வந்தவன். சுவத்துக்கு அந்தப் பக்கம் உப்புக்கண்டம் தொங்குது.

தை மாசம் பொங்கல் கழிஞ்சு நாலாம் நாளு. விடிஞ்சும் விடியாம இருக்கு. ஓடைக்கரையில அந்த ஒத்தைப் பன்னி. பெரிய உருப்படி. மெதுவாப் போற குண்டுன்னா ரொம்பக் கிட்டப் போயாகணும், அந்தத் தொட்டி இருக்குல்ல, அம்புட்டுக் கிட்ட. போயிட்டேன். சுட்டேன். தோள்ல பட்டுச்சு. கடைத் தோட்டாவா இருந்தா அந்த எடத்துலயே சாஞ்சிருக்கும். இது பட்டுட்டு ஆழமாப் போகல போல. திரும்புச்சு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். ஓடைப் பள்ளத்துல கெடக்கேன், தொடையில கைய வச்சா கை உள்ள போகுது.

துப்பாக்கி மட்டும் கையில இருந்துச்சு. இங்க இன்னொரு வழமை இருக்கு. தொடர்ந்தாப்புல மூணு வெடி கேட்டா ஆபத்துன்னு அர்த்தம், எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு ஓடியாரணும். மூணு வெடி போட்டேன். காத்திருந்தேன். ஒரு பய வரல. திரும்ப மூணு போட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் மொக்கராசு கிடையில அடுப்புப் புகை தெரியுது சார் எனக்கு. மாட்டு மணி கேக்குது. அம்புட்டுக் கிட்ட! அடுத்து ரெண்டு போட்டேன். பன்னியச் சுட்டதையும் சேத்து மொத்தம் ஒம்போது. அதோட பையில தோட்டா தீந்துபோச்சு.

வாயத் தொறந்து கூப்பிட வேண்டியதுதானன்னு நெனைக்கிறீக. கூப்பிட்டேன், ரெண்டு தடவை. தண்ணி பாறையில விழுகுற எரைச்சல்ல எங்கொரல் எனக்கே கேக்கல. அப்புறம் மயக்கம். உச்சி வெயில்ல கண்ணு முழிக்கிறேன், செவனம்மா எந்தலமாட்டுல நின்னு "அய்யோ அண்ணே"ன்னு கத்துறா. வெறகு பொறுக்க வந்தவ. அவ போட்ட ஒரு கூப்பாட்டுக்கு ஊரே ஓடியாந்துச்சு. அதத்தான் சார் என்னால தாங்க முடியல. பொட்டச்சி கத்துனதுக்கு வந்தாய்ங்க, நான் ஒம்போது வெடி போட்டதுக்கு வரல!

சிரிக்காதீக சார்.

தெரியும், நீங்க என்ன சொல்லப் போறீகன்னு தெரியும். அங்கம்மாவும் அதத்தான் சொல்றா. எட்டு மாசமாச் சொல்றா. அதுவும் இதுவும் ஒண்ணா? பங்குக்கு வராதன்னுதான் நான் சத்தத்தக் குறைச்சேன். உசுருக்கு வராதன்னா குறைச்சேன்? ஒரு மனுசன் சாகக் கெடக்கான், அது சொந்த மச்சானுக்குத் தெரிய வேணாமா? பங்குன்னா ரெண்டு மைலுக்கு அப்பால இருந்து கேக்குற காது, எனக்குன்னா மட்டும் ஏன் கேக்கல?

கயித்துக் கட்டில்ல போட்டு ஆறு மைலு தூக்கிட்டுப் போனாய்ங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரி வரைக்கும். மத்தவய்ங்க தோள் மாத்துனாய்ங்க, மொக்கராசு மாத்தல. முன்கால் அவன்தான், கடைசி வரைக்கும். தோள்ல தோலு உரிஞ்சு போச்சாம். அங்கம்மா சொன்னா. நானா தூக்கச் சொன்னேன்?

பன்னி ஓடைக்கு மேல செத்துக் கெடந்திருக்கு. நல்லா கூறு போட்டுத் தின்னிருப்பாய்ங்கன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் பல்லக் கடிச்சேன். வந்து பாத்தா என்ன பண்ணிருக்காய்ங்க தெரியுமா? ஒரு துண்டு எடுக்கல. முழுப் பன்னியையும் கம்புல கட்டித் தூக்கியாந்து எங்க வாசல்ல போட்டுட்டுப் போயிருக்காய்ங்க. "வெடி எங்களுக்குக் கேக்கல, கேக்காதவனுக்குப் பங்கு இல்ல"ன்னு மொக்கராசு சொன்னானாம். பதினோரு வருசமா நான் கேட்டது அந்த முழுப் பன்னி. வீட்டுல ஆளில்லாம வாசல்லயே அழுகிப் போச்சு. குத்திக் காட்டுறதுக்குத்தான அப்படிப் பண்ணுனாய்ங்க? நீங்களே சொல்லுங்க.

இல்லைங்கிறா அங்கம்மா. பள்ளத்துல ஒம்போது வெத்துத் தோட்டா கெடந்தத ஊரே பாத்துச்சாம். "ஒம்போது வெடி போட்டிருக்காரு, ஒண்ணுகூடக் கேக்கலையே, நம்ம காதுக்கு என்ன கேடு வந்துச்சு"ன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தாய்ங்களாம். இந்தத் தோட்டா சங்கதி அவய்ங்களுக்குத் தெரியாதுல்ல. மொக்கராசு, காது செவிடாப் போச்சுன்னு டாக்டர்கிட்டப் போயிருக்கான். காது நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரு சொன்னத நம்பல. இன்னிக்கும் செவ்வாய்க்கெழமை ஆனா பூண்டு எண்ணெயக் காய்ச்சிக் காதுல ஊத்திக்கிட்டுத் திரியிறான். கோயில்ல போயித் தரையில விழுந்து, "எம் மச்சான் கூப்பிட்டது கேக்காமக் கெடந்துட்டேன்"னு அழுதிருக்கான்.

அழட்டும். அவனே ஒத்துக்கிட்டான் பாத்தீகளா? அவந்தான் ஒத்துக்கிட்டான், நான் சொல்லல.

அதுலதான் இப்ப சண்டை. "எந்தம்பிகிட்ட நீங்களே உள்ளதச் சொல்லுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லிருவேன்"னு சொல்லிட்டு அவன் வீட்டுக்குப் போயி ஒக்காந்துக்கிட்டா. சொல்லட்டுமே. டப்பா இல்ல, துப்பாக்கி இல்ல, நோட்டு அடுப்புல போயிருச்சு. யாரு நம்புவா? நான் எதுக்குச் சொல்லணும்? கால் போனவன் நானா, அவனா?

சுட்டுப் பாக்கணுமா? தாராளமா. இந்த டப்பாவுல உள்ளது வேணாம், இந்தாங்க, கடைத் தோட்டா. அசல். அந்த மண்மேட்டப் பாத்துச் சுடுங்க. தோள்ல நல்லா அழுத்திப் புடிங்க, ஒதைக்கும்.

யம்மாடி.

எட்டு மாசமாச்சு சார் இந்தச் சத்தத்தக் கேட்டு. இல்ல, அதுக்கு மேல. போன கார்த்திகைக்கு முந்திக் கேட்டது. நெஞ்சுல வந்து அடிக்குது பாருங்க. மலையில பட்டுத் திரும்பி வருது. இன்னும் ஓயல.

நல்லாத்தான் இருக்கு.

சரி, எடுத்துக் கட்டுங்க. கித்தான் பையில வச்சு, மேல கயித்தச் சுத்துங்க. டப்பாவ மறந்துறாதீக, அது தனியா உங்க தோள்பையில. பொழுதோட மலை ஏறிருங்க. பேசிக்கிட்டே இருந்ததுல உங்களுக்கு ஒரு வாய் மோர்கூடக் குடுக்கல, வீட்டுல ஆளில்ல பாருங்க.

அங்க யாரு ஓடியாறது?

பாத்தீகளா! நான் சொன்னேன்ல? ஒரு வெடி, ஒரே வெடி! பங்குக்கு வந்துட்டாய்ங்க. முன்னால வர்றது அவன்தான், மொக்கராசு. ஓட்டத்தப் பாத்தாலே தெரியும். பின்னால ஆறேழு பேரு. செவனம்மா வேற. இங்க பன்னியும் இல்ல ஒண்ணும் இல்ல, வந்து எதத் தொடப் போறாய்ங்கன்னு பாக்குறேன். இவய்ங்க புத்தி இவய்ங்கள விட்டுப் போகுமா?

மூங்கில் கம்பக் காணமே.

பன்னி தூக்க வர்றவன் கம்பு கொண்டாருவான். இவன் தலைமேல என்னத்தையோ கவுத்துக்கிட்டு வர்றான். உங்களுக்குத் தெரியுதா சார்? எனக்குக் கண்ணு கூசுது.

கட்டிலு.

கயித்துக் கட்டிலு சார். அதே கட்டிலு.

ஏய்! ஏய் மொக்கராசு! ஏன்டா ஓடியாற, விழுந்து தொலையாத! எனக்கு ஒண்ணுமில்லடா! இந்தா, சாரு சுட்டுப் பாத்தாரு! கட்டில எறக்கி வையிடா. மூச்சு வாங்குது பாரு. எறக்குடா. ஒண்ணுமில்ல, நல்லாத்தான் ஒக்காந்திருக்கேன். மேலயும் கீழயும் என்னத்தப் பாக்குற? பாத்துக்க. நல்லாப் பாத்துக்க. ரத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல.

என்னடா சொல்ற? அழுதுக்கிட்டே சொன்னா எனக்கு என்ன புரியும்? மெதுவாச் சொல்லு.

"கேட்டுருச்சு மச்சான். இந்தத் தடவை எனக்குக் கேட்டுருச்சு மச்சான்"ங்கிறான் சார். கையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறான். காதுல பூண்டு எண்ணெய் வடியுது.

அங்கம்மாவும் வந்துட்டா. பின்னால நிக்கிறா. என்னையப் பாக்கல. உங்க தோள்பையத்தான் பாக்குறா.

சார். துப்பாக்கிய எடுத்துக்கிட்டு நீங்க பொறப்படுங்க. அந்த டப்பாவ மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க.